ராகுலனின் அரைவாசிச் சொற்கள்

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் வேரோனிக்காவின் விசாரணை அலுவலகம் இருக்கிறது. அங்கே படியேறி வருகிறவர்கள் பெரும்பாலும் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையைப் பற்றித் துருவ வருவார்கள், அல்லது கட்டின புருசனைப் பற்றித் துருவ வருவார்கள். பெற்ற மகன் தன்னை ஏன் வேண்டாம் என்கிறான் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லி ஒரு தாய் வந்தது அந்தச் சித்திரையில்தான் முதல் தடவை. வந்தவர் சேறு பிடித்த சப்பாத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தார். அந்தக் கம்பளத்தின் இலட்சணத்துக்குச் சப்பாத்தோடேயே வந்திருக்கலாம்.

பெயர் சந்திரவதனா, வயது அறுபத்தேழு. ஸ்ரௌவ்வில்லில் மகள் நிலக்சியின் புதுவீட்டில் கணவர் இரத்தினவேலோடும் மருமகன் வாகீசனோடும் இருக்கிறார். கீழே சேலைக்கடையில் தன்னை இறக்கிவிட்ட மகள் மரக்கறி வாங்கிக்கொண்டு ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வருவாள், வீட்டில் ஒருவருக்கும் இது தெரியக்கூடாது என்றார். கைப்பையிலிருந்து போனையும், எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றையும், மடித்த தாள் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். தாள் விமான ரிக்கெற். மே பதினாலாம் திகதி, ரொறன்ரோவிலிருந்து லண்டன்.

"மகனைப் பார்க்கப் போறன். அவன் வராதேங்கோ எண்டு எழுதுறான். வந்தாலும் நான் இஞ்ச நிக்கமாட்டன் எண்டு எழுதுறான். நான் என்ன பிழை விட்டனான் எண்டு மட்டும் அறிஞ்சு சொல்லுங்கோ, தங்கச்சி. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு எண்டு சும்மாவோ சொன்னவை?"

அவர் அழவில்லை. வீட்டில் அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

வேரோனிக்காவுக்கு அறுபத்தொரு வயது. குருநகர்க்காரி, கத்தோலிக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒன்பது வருடம் கடைகளில் நின்றவர். பிறகு ரொறன்ரோவில் இருபத்திரண்டு வருடம் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். அடுத்தவர்களின் சாவுகளை அப்படியே கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி அவருடைய முகம் அசையாத முகமாகிவிட்டது. அவரோடு வேலை செய்கிற ரஸீன் அதற்கு நேரெதிர். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து, புத்தளத்தில் வளர்ந்து, இந்த ஊரில் பதினைந்து வருடம் பூட்டுத் திறக்கிற தொழில் பார்த்தவர். எந்த வழக்கு வந்தாலும் பாதிக் கதை கேட்கும்போதே குற்றவாளியைப் பிடித்துவிடுவார். பத்துக்கு ஒன்பது பிழை. ஆனாலும் அடுத்த முறையும் பிடிப்பார்.

சந்திரவதனா கதையைச் சொன்னார். மகள் ஒன்பது வயதிலேயே மாமனோடு கனடாவுக்கு வந்துவிட்டாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் தாய் தகப்பனை ஸ்பொன்சர் செய்தபோது, தம்பி ராகுலனுக்கு இருபத்திரண்டு வயது. வயது கூடிப்போய்விட்டது, சேர்க்க முடியாது என்றார்கள். பெற்றவர்கள் இங்கே விமானம் ஏற, அவன் ஏஜென்சி பிடித்து லண்டன் போனான். அகதி வழக்கு இரண்டு தரம் தள்ளுபடி. விசா இல்லை, பாஸ்போர்ட் இல்லை. கிழக்கு லண்டனில் ஒரு சந்தையில், ஒரு வெள்ளைக்காரக் கிழவனின் பழக்கடையில் நின்றான்.

"அவனை விட்டிட்டு வந்தனாங்கள்தானே. அந்தக் கோபமோ தெரியாது," என்றார்.

அந்தக் கிழவன் பேசிய இங்கிலீசு எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்காத இங்கிலீசு. மாடிப்படியை அப்பிள்ஸ் என்பான். காலைப் பிளேற்ஸ் என்பான், தலையை லோஃப் என்பான், கூட்டாளியைச் சைனா என்பான். ராகுலன் அதைப் பொறுக்கி, தமிழுக்குள் தூவித் தாய்க்கு எழுதுவான். 'அப்பிள்ஸ் ஏறி வந்து களைச்சுப் போனன் அம்மா' என்று வரும். இவருக்கு விளங்காது. கேட்பார். அவன் மறைத்த மிச்சத்தையும் கருத்தையும் சொல்லுவான். இவர் கொப்பியில் எழுதி வைப்பார். எழுதி முடித்ததும் சிரிக்கிற முகம் ஒன்று அனுப்புவார். போனில் அவருக்குப் போடத் தெரிந்த படம் அது ஒன்றுதான். கடைக்காரக் கிழவன் செத்தபோதுகூட 'கிழவன் பிரவுண் பிரெட், அம்மா' என்றுதான் எழுதினானாம். விளங்காமல் சிரிக்கிற முகத்தைப் போட்டுவிட்டு, பிறகு கருத்துத் தெரிந்ததும் வெட்கப்பட்டுப்போனாராம்.

போன வருடம் மாசியில் இவருக்கு நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். வீடு வந்து சேர மூன்று கிழமை. அன்றிலிருந்து மகனின் குரல் இல்லை. முதலில் போனில் மைக் பழுது என்றான், பிறகு அறையில் மற்றவர்கள் நித்திரை என்றான். எழுத்து மட்டும் வரும். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் ஒரு மணிக்கு, அதே பழைய நம்பரில் இருந்து, தவறாமல் வரும். போன மாரியில் இவருக்குச் சிற்றிசன் கிடைத்தது. நேரில் வருகிறேன் என்று இவர் எழுதத் தொடங்கியதும்தான் வராதேங்கோ தொடங்கியது.

வேரோனிக்கா கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முதல் முப்பது பக்கம் இரண்டு மையில் இருந்தது: மகன் எழுதிய சொல் நீலத்தில், கேட்டு நிரப்பிய மிச்சம் சிவப்பில். பின்பக்கங்களில் எல்லாம் நீலம்.

"முந்தி அரைவாசியைத்தான் எழுதுவான்," என்றார் சந்திரவதனா. "இப்ப முழுசாயே எழுதுறான். அம்மாக்கு விளங்கட்டுமெண்டாக்கும். அந்தளவுக்கு யோசிக்கிற பிள்ளை ஏன் வராதேங்கோ எண்டு சொல்லவேணும்?"

வேரோனிக்கா போனை வாங்கி ஒவ்வொரு செய்தியின் திகதியையும் நேரத்தையும் பார்த்தார். மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்கு வந்த ஒன்றில் கொஞ்சநேரம் நின்றார். 'இப்ப இஞ்ச பின்னேரம் ஆறு மணி அம்மா. கடை கட்டுறம்,' என்று இருந்தது.

வீட்டில் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். மகளுக்குத் தமிழ் பேச்சளவில்தான், சின்னதில் படித்தது மறந்து இப்போது எழுத வாசிக்க வராது, பல்வைத்தியரிடம் வேலை. மருமகனுக்கு லொறி. வன்கூவர் பக்கம் போனால் வந்துசேரப் பத்து நாள், மார்ச் நடுவிலும் அங்கேதான் நின்றார். கணவர் இரத்தினவேல்தான் ரிக்கெற்றைக் கிழித்துப் போடச் சொல்லி நிற்கிறார்.

"உவரும் முந்தின ஆள் இல்லை," என்றார். அவருடைய குறைகளைச் சொல்ல ஆள் கிடைத்ததில் சந்திரவதனாவின் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. முந்தி வெள்ளிக்கிழமை மட்டும்தான் மரக்கறியாம். போன வருடம் முழுக்க நினைத்த நினைத்த நாளில் மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாவற்றையும் தள்ளிவைத்தாராம். டிசம்பர் பதினாலு இவர்களுடைய கலியாண நாள், மருமகன் நண்டு வாங்கி வந்தார், மனுசன் தொடவில்லை. பொங்கலுக்கு முதல் நாளும் அப்படித்தான். பெப்ரவரி பன்னிரண்டு நிலக்சியின் பிறந்தநாள், அன்றைக்கும் பருப்பும் சோறும். "பங்குனி பிறந்த பிறகுதான் பழையபடி மீன் சாப்பிடுறார். வயது போகப் போகப் பைத்தியம். மாசிக் கடைசி வெள்ளி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். நான் ராகுலன்ர பேர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சினை செய்தன். மனுசன் அதைப் பாத்துக்கொண்டு நிண்டு விக்கி விக்கி அழுதார். நாப்பது வருசத்தில நான் அவர் அழுது கண்டதில்லை."

கீழே கார் ஹோர்ன் அடித்தது. ஒரு கிழமை தாருங்கோ என்றார் வேரோனிக்கா. கொப்பியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

*

கதவு மூடியதும் ரஸீன் தொடங்கிவிட்டார். பொடியன் அங்கே ஒரு வெள்ளைக்காரியைக் கட்டியிருப்பான், பிள்ளையும் இருக்கும், தாய் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றார். அதை வேரோனிக்கா கேட்டுக்கொண்டிருக்க, அது சரிவராது என்று தானே தள்ளிவிட்டு, மகனோடு அறையில் இருக்கிறதாகத் தாய் சொன்ன டெனிஸ்டன் என்ற கூட்டாளி போனைக் களவெடுத்து விளையாடுகிறான் என்றார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவருடைய உம்மா சொன்னதை அவரே பத்து தரம் சொல்லியிருக்கிறார்.

"எழுதுறது ராகுலன் இல்லை எண்டதில நீர் சரி," என்றார் வேரோனிக்கா. "மற்றதெல்லாம் பிழை."

பிறகு கொப்பியை அவர் பக்கம் திருப்பி, அந்தப் பாஷை எப்படி வேலை செய்கிறது என்று சொன்னார். நூற்றெண்பது வருடத்துக்கு முன் கிழக்கு லண்டனில் தெருவில் வண்டில் தள்ளி விற்றவர்களிடம் இது புழங்கியது. பொலிஸ்காரனுக்கு விளங்கக்கூடாது என்று கள்ளர் கட்டியது என்பார்கள் சிலர். வாங்க வந்தவனுக்கு விளங்கக்கூடாது என்று வியாபாரிகள் கட்டியது என்பார்கள் வேறு சிலர். சும்மா பம்பலுக்கு, விளையாட்டாக வந்தது என்றும் சொல்கிறார்கள். ஒருவருக்கும் நிச்சயமில்லை. நம்முடைய மாட்டுத் தரகர் சால்வைக்குக் கீழே விரலைப் பிடித்து விலை பேசவில்லையா, அப்படி ஒன்று. செய்முறை இதுதான்: மாடிப்படி, ஸ்ரெயார்ஸ். அதோடு ஒலி ஒத்துப்போகிற இரட்டைச் சொல் அப்பிள்ஸ் அன்ட் பெயர்ஸ். ஆனால் சந்தைக்காரன் அந்தப் பெயர்ஸை விழுங்கிவிட்டு அப்பிள்ஸ் என்று மட்டும் சொல்லுவான். ஒலி ஒத்துப்போகிற பாதியை எடுத்துவிட்டால்தான் வெளியாளுக்குப் பிடிபடாது. கால் ஃபீற், அது பிளேற்ஸ் ஒஃப் மீற், வாயில் வருவது பிளேற்ஸ். தலை ஹெட், அது லோஃப் ஒஃப் பிரெட், வாயில் வருவது லோஃப். தலைமயிர் ஹெயார், பார்னெற் என்ற ஊரின் குதிரைச் சந்தையால் பார்னெற் ஃபெயார், வாயில் பார்னெற்.

ரஸீன் விடவில்லை. எல்லாவற்றையும் அப்படிச் சுருக்குவார்களா என்று கேட்டார்.

"இல்லை. சிலதை முழுசாத்தான் சொல்லுவினம். பிரவுண் பிரெட்டை ஒருத்தரும் சுருக்கிறேல்லை. ஆனால் பார்னெற் ஃபெயார், புச்சர்ஸ் ஹூக், சைனா பிளேற் எண்டு சந்தையில நிக்கிற எவனும் முழுசாச் சொல்லமாட்டான். நான் ஒன்பது வருசத்தில ஒருக்காக்கூடக் கேக்கேல்லை. இந்தப் பொடியன் பத்து வருசம் சந்தையில நிண்டவன். போன வருசம் மாசிவரைக்கும் அதைத் தவிர ஒவ்வொண்டும் பாதி. பங்குனியில இருந்து ஒவ்வொண்டும் முழுசு. இதை எழுதினது பட்டியலைப் பார்த்துப் படிச்ச ஆள்."

பிறகு, பங்குனியில் இருந்து வந்த பதினொரு சொற்களையும் வந்த ஒழுங்கில் வாசிக்கச் சொன்னார். ரஸீன் வாசித்தார். அடம் அன்ட் ஈவ், அப்பிள்ஸ் அன்ட் பெயர்ஸ், பார்னெற் ஃபெயார், போட் ரேஸ், பிரெட் அன்ட் ஹனி, புச்சர்ஸ் ஹூக், சைனா பிளேற், கறன்ற் பன், டெய்ஸி றூற்ஸ், டிக்கி பேர்ட், டோக் அன்ட் போன். தமிழில் எழுதியிருந்ததால் பாதி வழிவரைக்கும் அவருக்குத் தெரியவில்லை. பிறகு வாய் நின்றது. ஏ, பி, சி, டி என்று ஒழுங்காக இறங்கி வந்திருந்தது.

"கிட்டத்தட்ட மாசத்துக்கு ஒண்டு எண்டு ஒழுங்கா எடுத்திருக்கிறார்," என்றார் வேரோனிக்கா. "நல்ல ஒழுங்கான மனுசர். இனி நேரத்தைப் பாரும். மார்ச் பதினேழு. நாங்கள் கோடைக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு மாத்தினது மார்ச் எட்டு. லண்டனில மாத்துறது மாசக் கடைசி ஞாயிறு. இடையில மூண்டு கிழமை ரெண்டு ஊருக்கும் நாலு மணித்தியாலந்தான் வித்தியாசம். இஞ்ச ஒரு மணி எண்டால் அங்க அஞ்சு. லண்டனில நிக்கிறவன் சுவரைப் பார்த்து அஞ்சு எண்டு எழுதுவான். இஞ்ச இருந்துகொண்டு வழக்கமா அஞ்சைக் கூட்டுற ஆள்தான் ஆறு எண்டு எழுதும்."

அப்படியென்றால் டெனிஸ்டன் இல்லை. ரஸீன் தானாகவே விரல் மடக்கினார். மருமகன் அந்தக் கிழமை வன்கூவரில், அங்கேயிருந்து கூட்டினால் கணக்கே வேறு. மகளுக்குத் தமிழ் எழுத வராது. மிச்சம் ஒரு ஆள். ஆனால் ஒரு தகப்பன் ஏன் மகனாக நடிக்கவேண்டும் என்று கேட்க வாயெடுத்தவர், வேரோனிக்கா எழுந்து சுவரில் சேலைக்கடைக்காரன் தந்த நாட்காட்டியின் பக்கம் போனதைப் பார்த்துத் தானும் எழுந்தார்.

டிசம்பர் பதினாலு. ஜனவரி பதின்மூன்று. பெப்ரவரி பன்னிரண்டு. வேரோனிக்கா ஒவ்வொன்றிலும் விரலை வைத்தார். பழைய தாள்களைக் கிழித்தெறியாமல் பின்னால் மடித்துவிடுவது அவர் பழக்கம். மூன்று நாளும் தேய்பிறைத் தசமி. அடுத்த தேய்பிறைத் தசமி மார்ச் பதின்மூன்று, மாசிக் கடைசி வெள்ளி. வெள்ளி என்றபடியால் மரக்கறி யாருடைய கண்ணிலும் படவில்லை. கோயிலில் இரத்தினவேல் அழுத நாள் அது. அதற்குப் பிறகு அவர் மீன் சாப்பிடுகிறார்.

"நான் வேதக்காரி. ஆனால் இருபத்திரண்டு வருசம் சைவ ஆக்களின்ர கதையைத்தான் மொழிபெயர்த்தனான். மாசாமாசம் ஒரே திதியில மச்சம் தள்ளி, ஒரு வருசம் முடிய நிப்பாட்டினால் அது என்ன, ரஸீன்?"

ரஸீனுக்கு அது தெரியும். யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்த மனிதனுக்கும் தெரியும். செத்தவருக்கு மாசாமாசம் செய்கிற மாசியம், வருடம் முடியச் செய்கிற ஆட்டைத் திவசம். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இன்னொண்டும் இருக்கு," என்றார் வேரோனிக்கா. "பிரெட் அன்ட் ஹனிக்கும் புச்சர்ஸ் ஹூக்குக்கும் இடையில ஒரு சொல் வரவேணும். எந்தப் பட்டியலிலும் இருக்கும். அந்த மனுசன் அதை மட்டும் தாண்டிப் போயிருக்கிறார். பிரவுண் பிரெட். அதின்ர கருத்து டெட்."

அன்றைக்கு அவர்கள் வேறு ஒரு வேலையும் பார்க்கவில்லை. வழக்கு ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. முடிந்ததில் ஒருவருக்கும் ஒரு சந்தோசமும் இல்லை.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஸ்ரௌவ்வில் லைப்ரரியில், ஜன்னலோரக் கதிரையில் இரத்தினவேல் இருந்தார். ரஸீன் அவரை வீட்டிலிருந்து பின்தொடர்ந்து வந்து இடத்தைச் சொல்லியிருந்தார். எழுபத்துநாலு வயது, ஒழுங்காக இஸ்திரி போட்ட சேர்ட். கையில் பழைய போன். வேரோனிக்கா பக்கத்தில் உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னார். தேய்பிறைத் தசமி என்று மட்டும் சொன்னார். கிழவர் மறுக்கவில்லை. பிடிபட்டதில் ஆறுதல் அடைந்தவர்போலக்கூட இருந்தது.

போன வருடம் மாசியில், மனைவி ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிளந்து கிடந்த நாளில், டெனிஸ்டன் அழைத்தான். காய்ச்சலும் இருமலும் என்று படுத்த ராகுலன் விசா இல்லாத பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நாலாம் நாள் விடிய எழும்பவில்லை. சடங்கைக் கூட்டாளிகள் சேர்ந்து செய்தார்கள். இந்த லைப்ரரியின் கார் நிறுத்துமிடத்தில் பனிக்குள் நின்று போனில் பார்த்ததாகச் சொன்னார். அவளுக்கு இப்போது சொல்லவேண்டாம், தையல் ஆறட்டும் என்று நினைத்தார். மகளிடம் சொன்னால் அன்றைக்கே தாய்க்குப் போய்விடும் என்று அவளிடமும் சொல்லவில்லை. டெனிஸ்டன் போனைப் பார்சலில் அனுப்பினான். அவள் வீடு வந்ததும் முதல் கேட்டது ராகு எழுதினவனோ என்றுதான். ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரிதான் தொடக்கம். மகன் எழுதுகிற மாதிரி எழுதவேண்டும் என்று இங்கேயே அந்தப் பட்டியலை அச்சடித்து எடுத்தார்.

சேர்ட் பையிலிருந்து அதை எடுத்து விரித்தார். பாவித்த ஒவ்வொரு சொல்லுக்கும் பென்சிலால் சரி போட்டிருந்தது. நடுவில் ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது.

"நான் முப்பத்தொரு வருசம் உப தபால் அதிபர், பிள்ளை. ஒரு கடிதத்தை ஒரு இராத்திரிகூட என்ர கையில வைச்சிருந்ததில்லை. சண்டைக்காலத்தில செத்த செய்தியெல்லாம் சைக்கிளில கொண்டுபோய்க் குடுத்தனான். இது ஒண்டைப் பதினாலு மாசமா வைச்சிருக்கிறன்."

வேரோனிக்கா அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சந்திரவதனா மே பதினாலாம் திகதி விமானம் ஏறப்போகிறார் என்றார். மகன் தன்னை வெறுக்கிறான் என்று நம்பிக்கொண்டு ஏறப்போகிறார், அங்கே இறங்கி நின்று தேடப்போகிறார் என்றார். வராதே என்று எழுதினால் நின்றுவிடுவாள் என்றுதான் நினைத்ததாகக் கிழவர் சொன்னார். அது அவளுக்குள் என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை என்றார். முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவர், சோறு முழுக்க நஞ்சாகிப்போனதைக் கவனிக்கவில்லை. அன்று பின்னேரமே சொல்லச் சம்மதித்தார், வேரோனிக்காவும் கூட வரவேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு.

*

பின்னேரம் ஆறு மணிக்கு நிலக்சியின் வீட்டு வரவேற்பறையில் எல்லோரும் இருந்தார்கள். வாகீசன் மட்டும் லொறியில். வேரோனிக்காவைக் கண்டதும் சந்திரவதனாவின் முகம் மாறியது. இரகசியம் வெளிப்பட்டுவிட்டது என்று தெரிந்தும் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். நிலக்சி தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். ரஸீன் வாசலுக்குக் கிட்டவே நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

வேரோனிக்கா கொப்பியை விரித்து, அரைச் சொற்களையும் முழுச் சொற்களையும் காட்டினார். ஆறு மணி என்று வந்த அந்தச் செய்தியைக் காட்டி, மணிக்கூடு மாற்றிய கதையைச் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். சந்திரவதனா மந்தமான ஆள் இல்லை. ரஸீனைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தார்.

"அப்ப எழுதினது ராகு இல்லை," என்றார். "இஞ்ச இருக்கிற ஆரோ."

இரத்தினவேல் எழுந்து, சட்டைப் பையிலிருந்து பழைய போனையும் பட்டியலையும் எடுத்து மனைவிக்கு முன்னால் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கிடையில் வைத்தார். சந்திரவதனா போனைத் தொடவில்லை. அதன் மூலையில் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். வீடியோவில் அவன் ஒருமுறை காட்டிய உடைவு. பிறகு கணவரைப் பார்த்தார்.

பதினாலு மாதமாக ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் தாண்டித் தாண்டிப் போன சொல்லின்மேல் இரத்தினவேலின் விரல் போய் நின்றது.

"பிரவுண் பிரெட்," என்றார்.

சந்திரவதனாவுக்கு அந்தச் சொல் தெரியும். கொப்பியில் இருபத்தோராம் பக்கம்.

"தமிழில சொல்லுங்கோ," என்றார்.

"வதனா…"

"தமிழில சொல்லுங்கோ."

"பிள்ளை செத்துப்போச்சு."

நிலக்சி வாயைப் பொத்திக்கொண்டு தரையில் இருந்துவிட்டாள். சந்திரவதனா எப்போது என்று கேட்டார். போன வருடம் மாசி, தேய்பிறைத் தசமி என்றார் கிழவர். சந்திரவதனா மனதுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. கலியாண நாள், பொங்கல், நிலக்சியின் பிறந்தநாள், கடைசியாக அந்த வெள்ளி.

"அண்டைக்கு நான் அவன்ர ஆயுசுக்கு அர்ச்சினை செய்தனான்," என்றார். "நீங்கள் அங்கால நிண்டு திவசம் குடுத்திருக்கிறியள்."

கிழவர் தலை குனிந்தார். சந்திரவதனா இன்னும் ஒன்றுதான் கேட்டார். வராதேங்கோ என்று எழுதினது யார் என்று கேட்டார். நான்தான் என்றார் கிழவர். எல்லாம் நான்தான் என்றார். வேரோனிக்கா அதுவரை கண்டிராத ஒரு அமைதி அந்த அம்மாவின் முகத்தில் வந்து போனது. அது ஒரு நிமிடமும் நிற்கவில்லை.

"அப்ப என்ர பிள்ளை என்னை வேண்டாமெண்டு சொல்லேல்லை," என்றார்.

தன்னுடைய போனை எடுத்து வேரோனிக்காவிடம் நீட்டினார். அவன் கடைசியாக எழுதினது எது என்று காட்டச் சொன்னார். அவனுடையது எதுவரைக்கும், இவருடையது எதிலிருந்து என்று தனக்குத் தெரியவேண்டும் என்றார். வேரோனிக்கா பங்குனியைத் தாண்டிப் பின்னால் போய், மாசியில் ஒரு செய்தியில் நிறுத்தி, போனைத் திருப்பிக் கொடுத்தார். தாய் ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு நாளுக்கு முன் வந்தது. சந்திரவதனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். 'பிளேற்ஸ் எல்லாம் விறைக்குது அம்மா. லோஃப் இடிக்குது. அப்பிள்ஸ் ஏறவே ஏலாமக் கிடக்கு. நாளைக்கு எடுக்கிறன்.'

வாசித்துவிட்டு அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்தார். ரஸீன் வாசலை விட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார்.

"கால் விறைக்குது, தலை இடிக்குது, படி ஏறேலாமக் கிடக்கு எண்டு எழுதியிருக்கிறான்," என்றார் சந்திரவதனா. "நான் சிரிக்கிற முகம் போட்டிருக்கிறன்."